முகப்பூச்சு வியாபாரமும் முதல் ஆர்டரும்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த தோழர்கள் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் முகத்தில் பூசும் கிரீமைப்பற்றியது என்று தலைவர் சொன்னவுடன் உங்களில் சிலர் சிரித்தீர்கள். கடவுள், ஜாதி, சாஸ்திரம் என்று பேசுகிறவர்களுக்குக் கிரீம் டப்பாவில் என்ன வேலை என்று நினைத்திருக்கலாம். ஆனால் பாகூர்ப் பக்கத்துத் தாய்மார்கள் பத்துப் பேர், சுய உதவிக் குழுவில் சேர்த்த பணத்தையும், போதாததற்கு நகையை அடகு வைத்து வாங்கும் பணத்தையும் போட்டு, தங்கள் சொந்தப் பெயரில் ஒரு முகப்பூச்சுக் கிரீம் வெளியிடப் போகிறார்கள் என்பதும், அதற்கு ஒரு ஏஜண்டு வந்து 5,000 ட்யூபுக்குக் குறைந்து ஆர்டர் எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டு, வருகிற வளர்பிறையில் நல்ல நாள் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறான் என்பதும் உங்களுக்குத் தெரியுமானால் சிரிக்கமாட்டீர்கள். இதில் அவர்களுடைய பணமும் இருக்கிறது, மானமும் இருக்கிறது. வாங்கிப் பூசப்போகிறவர்களின் தோலும் இருக்கிறது.

பெண்கள் சொந்தத் தொழில் செய்யக்கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. செய்யவேண்டும் என்றே சொல்லுகிறோம். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த வடமங்கலத்தில் இந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனியின் தொழிற்சாலை இருக்கிறது. உடம்புக்குப் பூசும் சரக்குகள் அங்கே டன் கணக்கில் ஆகின்றன. அதில் பாடுபடுகிற கை நம் ஊர்க் கைதான். ஆனால் டப்பாவின் மேல் உள்ள பெயர் யாருடையது? இலாபம் எங்கே போகிறது? வேலை செய்கிறவன் கூலியோடு நின்றுவிட வேண்டும், பெயர் வைத்திருக்கிறவன் கோடி கோடியாகச் சேர்க்கவேண்டும் என்று எந்தத் தலையிலும் எழுதியிருக்கவில்லை. ஆகவே பாகூர்த் தாய்மார்கள் தங்களுக்கென்று ஒரு பெயரை வைத்துக்கொள்ள ஆசைப்படுவது மிகவும் நியாயமானது. நாம் கேட்பதெல்லாம், அந்த ஏஜண்டு சொல்லுகிறபடி 5,000 ட்யூபில் ஏன் ஆரம்பிக்கவேண்டும் என்பதுதான்.

அக்கரையில் நடந்தது

தென்பெண்ணை ஆற்றுக்கு அக்கரையில் கடலூர் இருக்கிறது. அந்தக் கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். பெரிய குப்பியில் விற்கும் சரக்கைப் பணக்காரன்தானே வாங்குகிறான், ரிக்ஷா இழுக்கிறவனும் கூலிக்காரனும் வாங்கவேண்டுமானால் அதைச் சின்னப் பொட்டலத்தில் அல்லவா அடைக்கவேண்டும் என்று அவர் நினைத்ததாகச் சொல்லுவார்கள். அவருடைய மகன்களில் ஒருவரான ரங்கநாதன் என்பவர் குடும்ப வியாபாரத்திலிருந்து விலகி, 1983ஆம் வருஷத்தில் 15,000 ரூபாயை மூலதனமாக வைத்து, தகப்பனார் பெயரின் எழுத்துக்களைக்கொண்டே 'சிக்' என்று பெயரிட்டு ஷாம்புப் பொட்டலம் போட ஆரம்பித்தார். அதுதான் பின்னால் கெவின்கேர் என்ற பெரிய கம்பெனியாயிற்று.

அவர் எப்படி விற்றார் என்பதைக் கவனியுங்கள். கிராமத்துக்கு ஆட்களை அனுப்பி, ஒரு பையனைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும் தலையைக் கழுவிக் காட்டி, தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லச் செய்தார். பிறகு எந்தக் கம்பெனியின் காலிப் பொட்டலமானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பொட்டலம் இலவசம் என்றார். ஜனங்களுக்குப் பழக்கமான பிறகு, சிக்கின் காலிப் பொட்டலத்துக்கு மாத்திரம்தான் என்று மாற்றினார். இதில் மந்திரம் என்ன இருக்கிறது? கண்ணால் காண வை, கையால் தொட வை, பிறகு காசு கேள் என்பதுதானே! நாம் கடவுளைப்பற்றிக் கேட்பதும் இதே நிபந்தனைதான், அதற்குத்தான் இதுவரை ஒருவரும் சம்மதிக்கவில்லை.

நிற்க, சிறியதாக ஆரம்பித்தவர்கள் எல்லோரும் பெரிய முதலாளி ஆகிவிடுவார்கள் என்று சொல்லி உங்களை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. ஆயிரம் பேர் ஆரம்பித்துத் தொலைந்துபோயிருப்பார்கள், அவர்கள் கதையை யாரும் எழுதுவதில்லை. சிறியதாக ஆரம்பித்தால் தோற்றாலும் வீடு மிஞ்சும் என்பதே நமது கட்சி.

ஒரு கணக்கு

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுவோம். 5,000 ட்யூப் எடுத்தால் ஒன்று 60 ரூபாய். மொத்தம் 3,00,000 ரூபாய். 1,000 டப்பா மாத்திரம் எடுத்தால் ஒன்று 85 ரூபாய். மொத்தம் 85,000 ரூபாய். ஏஜண்டு என்ன சொல்லுவான்? "அம்மா, சின்ன ஆர்டர் எடுத்தால் டப்பாவுக்கு 25 ரூபாய் நஷ்டம் அல்லவா?" என்று அக்கறையாகக் கேட்பான். நீங்களும் ஆமாம் என்று தலையாட்டுவீர்கள்.

ஆனால் முதல் வருஷத்தில் உங்கள் கிரீம் எத்தனை விற்கும்? யாருக்கும் தெரியாத பெயர். 600 விற்றது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுவோம். விலை 150 ரூபாய். வரவு 90,000. கடைக்காரர் பங்கு நூற்றுக்கு 30 வீதம் 27,000 போக, கைக்கு வருவது 63,000. பெரிய ஆர்டர் எடுத்தவர்களுக்கு நஷ்டம் 2,37,000 ரூபாய், வீட்டுத் திண்ணையில் மிச்சம் 4,400 ட்யூப். சிறிய ஆர்டர் எடுத்தவர்களுக்கு நஷ்டம் 22,000 ரூபாய், மிச்சம் 400 டப்பா. பத்துப் பேர் பங்கிட்டால் ஒருத்திக்கு 2,200 ரூபாய். இது பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியது மாதிரி. மற்றதோ ஒருத்திக்கு 23,700 ரூபாய், அதாவது மார்வாடிக் கடையில் போன வளையல் திரும்பி வராது. சரக்குக்குக் காலாவதித் தேதி ஒன்று இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். அரிசி மூட்டை மாதிரி அடுக்கிவைத்து விலை ஏறும்போது விற்கும் சரக்கல்ல இது.

அந்தத் தொழிற்சாலைக்காரன் ஏன் 5,000 என்கிறான் என்றால், அவன் அயோக்கியன் என்பதனால் அல்ல. கிரீம் காய்ச்சும் கலத்துக்கு ஓர் அளவு உண்டு. தண்ணீர்ப் பாகத்தையும் எண்ணெய்ப் பாகத்தையும் தனித்தனியே எழுபது டிகிரிக்கு மேல் சுடவைத்து, இரண்டையும் சேர்க்கும் மருந்தைப் போட்டு வேகமாகக் கடையவேண்டும். கலம் பாதிகூட நிரம்பாவிட்டால் கடையும் கை சரக்கில் படாது. ஒவ்வொரு தடவையும் கலத்தைக் கழுவுகிற செலவும் ஒன்றுதான். 50 கிலோ கலமுள்ளவன் 50 கிராம் டப்பா 1,000 போட்டுத் தருவான், 250 கிலோ கலம் வைத்திருக்கிறவன் 5,000 கேட்பான். மேலும் பெயர் அச்சடித்த ட்யூபை ஆயிரக்கணக்கில்தான் அடித்துத் தருவார்கள். சாதாரண வெறும் டப்பாவை வாங்கி அதன்மேல் லேபிள் ஒட்டினால் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே சிறிய கலம் உள்ளவனைத் தேடுங்கள், ட்யூபை விட்டு டப்பாவுக்கு வாருங்கள். வில்லியனூர்க் குயவர் புதுப் பொம்மைக்கு அச்சுப் பண்ணினால், முதல் நாளே சூளை நிறைய அதையே அடுக்குகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

வெள்ளைத் தோல் வியாபாரம்

இப்போது சரக்குக்கு வருவோம். ஏஜண்டு சொல்லியிருக்கிற சரக்கு சிவப்பழகுக் கிரீமாம். "அதுதான் அம்மா ஓடும்" என்றானாம். ஓடும்தான். ஏன் ஓடுகிறது? கறுப்பு என்றால் கீழ், வெளுப்பு என்றால் மேல் என்று ஆயிரம் வருஷமாக ஜாதி சொல்லிக்கொடுத்தது. பிறகு பிரெஞ்சுக்காரன் வந்து இதே புதுச்சேரியில் கால்வாய்க்கு இந்தப் பக்கம் வெள்ளையர் நகரம், அந்தப் பக்கம் கறுப்பர் நகரம் என்று பிரித்து வைத்தான். 1954இல் அவன் ஆட்சி போய்விட்டது. ஆனால் அந்தக் கால்வாய் இன்னமும் நம் வீட்டுக்குள் ஓடுகிறது. பெண் பார்க்க வருகிறவன் முதலில் பார்ப்பது அவள் படிப்பையா, நிறத்தையா? நீங்களே சொல்லுங்கள்.

இந்த இழிவைக் காசாக்க 1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது. நாம் மெச்சிச் சொன்ன கடலூர்க் கம்பெனியும் 1998இல் 'ஃபேரெவர்' என்று அதே கடையை விரித்தது. கூலிக்காரனுக்கும் ஷாம்பு கிடைக்கவேண்டும் என்று ஆரம்பித்த இடம், கூலிக்காரன் மகளுக்கு உன் தோல் சரியில்லை என்று சொல்லுகிற இடமாக முடிந்தது! 2020இல் உலகமெங்கும் நிற வெறியைக் கண்டித்துக் கிளர்ச்சி நடந்த பிறகு 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாற்றினார்கள். பெயரை மாற்றியதே அது தவறான பெயர் என்பதற்கு ஒப்புதல் அல்லவா? கம்பெனிக்காரனே கைவிட்ட சொல்லை, கறுத்த தோலோடு வயலில் நிற்கும் நாம் எடுத்து நம் டப்பாவில் ஒட்டிக்கொள்ளுவதா?

மானத்தை விடுங்கள், உயிரைப்பற்றிப் பேசுவோம். தோலின் நிறத்தைச் சட்டென்று வெளுக்கச் செய்யும் மலிவான சரக்கு பாதரசம். நிறம் உண்டாக்கும் வேலையைத் தோலில் நடக்கவொட்டாமல் அது தடுத்துவிடும். ஆகவே ஒரு வாரத்தில் பலன் தெரியும். பிறகு தோல் வழியே இரத்தத்தில் ஏறி மூத்திரக்காயைப் பிடித்துக்கொள்ளும். 2023இல் கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில், சிறுநீரகம் கெட்டு முகம் வீங்கி வந்தவர்களை வைத்தியர்கள் விசாரித்ததில், பலர் இப்படிப்பட்ட வெளுப்புக் கிரீம் பூசி வந்தவர்கள் என்று கண்டார்கள். நம் நாட்டுச் சட்டம் முகப்பூச்சில் பாதரசம் சேர்க்கவே கூடாது என்கிறது. தானாகக் கலந்துவிட்டாலும் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குமேல் இருக்கக்கூடாது. (கண்ணைச் சுற்றிப் பூசும் சரக்குக்கு வேறு அளவு வைத்திருக்கிறார்கள்.) உங்கள் ஏஜண்டு காட்டிய மாதிரி டப்பா "ஏழே நாளில்" வெளுக்கும் என்றானாமே, அதை ஒரு நல்ல பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிப் பாதரசம் பார்க்கச் சொன்னீர்களா? பெயர் உங்களுடையது, டப்பாவில் விஷம் இருந்தால் ஜனங்கள் வந்து நிற்கப்போவது உங்கள் வாசலில்.

அப்படியானால் எதைச் செய்வது என்பீர்கள். ஏரிப் பாசனத்து ஊர் பாகூர். நாற்று நடுகிற பெண்களின் காலைப் பாருங்கள். குதிகால் வெடித்து, வெடிப்பில் மண் ஏறி, இராத்திரி எரிச்சல் தாங்காமல் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுக்கிறார்கள். அதற்குப் பித்தவெடிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். பித்தத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தோல் தடித்து, ஈரம் வற்றி, உடம்புப் பாரம் தாங்காமல் வெடிக்கிறது, அவ்வளவுதான். எண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்த களிம்பு அந்தத் தோலை இளக்கும். அதில் தண்ணீர் இல்லாததால் பூஞ்சைக்கும் கிருமிக்கும் இடம் குறைவு. செய்வதும் சுலபம், சிறிய கலமே போதும், கெட்டுப்போவதும் மெதுவாகத்தான். தண்ணீர் சேர்ந்த கிரீமோ நம் ஊர் வெயிலுக்கு எளிதில் பிரியும், கெடும். கெடாமல் காக்கும் மருந்து அளவோடு சேர்த்தே தீரவேண்டும். "எங்கள் கிரீமில் கெமிக்கலே இல்லை" என்று விளம்பரம் செய்கிறவனிடம், அதில் தண்ணீராவது இருக்கிறதா என்று கேளுங்கள், தண்ணீரும் கெமிக்கல்தான்.

ஆனால் களிம்பு விஷயத்திலும் நாக்கை அடக்கவேண்டும். தோலை இளக்கும் என்று எழுதலாம். சேற்றுப்புண்ணை ஆற்றும் என்று எழுதினால் அது அழகுப் பொருள் அல்ல, மருந்தாகிவிடும். அதற்கு லைசென்சே வேறு. சேற்றுப்புண் பூஞ்சைக் காளானால் வருவது, அதை மெழுகு ஆற்றாது. ஆற்றும் என்று சொல்லி விற்பதற்கும் விபூதி கொடுத்து வியாதி தீர்ப்பதற்கும் வித்தியாசம் என்ன?

உண்மையைச் சொன்னால் விற்காது என்று சிலர் சொல்லுவார்கள். 2020இல் ஜெய்ப்பூரில் இரண்டு சகோதரர்கள் 'மினிமலிஸ்ட்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். டப்பாவின் முகத்திலேயே இன்ன சரக்கு, நூற்றுக்கு இத்தனை பங்கு என்று எழுதிவிட்டார்கள். இந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனி 2025 ஜனவரியில் அதன் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வாங்குவதாக அறிவித்தது, அந்த வியாபாரத்துக்கு அவர்கள் போட்ட மதிப்பு கிட்டத்தட்ட 3,000 கோடி ரூபாய். அவர்களுக்கு வெளி முதலீடும் கிடைத்தது, நம்மைப்போலக் கையூன்றிக் கரணம் போட்டவர்கள் அல்ல. ஆனாலும் உள்ளதை உள்ளபடி எழுதினால் ஜனங்கள் ஓடிவிடமாட்டார்கள் என்பதற்கு அது சாட்சி.

சட்டமும் பெயரும்

"வீட்டு அடுப்பிலேயே காய்ச்சி விற்றால் என்ன?" என்று ஒரு தாயார் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். விற்பதற்காகச் செய்வதானால் லைசென்சு இல்லாமல் கூடாது. 1940ஆம் வருஷத்து மருந்துச் சட்டத்துக்குள் 1962இல் அழகுப் பொருள்களும் கொண்டுவரப்பட்டன. 2020 டிசம்பரில் அதற்கென்று தனி விதிகளும் வந்தன. தனி இடம் வேண்டும், வேதியியலோ மருந்தியலோ படித்த ஆள் மேற்பார்க்கவேண்டும். இவையெல்லாம் முதல் நாளே நம்மால் ஆகாது. அதனால்தான் லைசென்சு உள்ள தொழிற்சாலையில் செய்து வாங்குவது. அவன் இடத்தையும் கருவியையும் பயன்படுத்திக்கொண்டு நம் பெயரிலேயே லைசென்சு எடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது, அதற்கு 'லோன் லைசென்சு' என்று பெயர். எந்த வழியானாலும் டப்பாவின் மேல் செய்தவனின் பெயர், விலாசம், லைசென்சு எண், எந்தக் காய்ச்சலில் வந்தது என்கிற பாட்ச் எண், காலாவதித் தேதி, உள்ளே இருக்கும் சரக்குகளின் பட்டியல் எல்லாம் இருக்கவேண்டும். ஏஜண்டு காட்டிய மாதிரி டப்பாவில் இவற்றில் எத்தனை இருந்தது என்று கேட்டோம். ஒரு லட்சுமி படம்தான் இருந்ததாம்!

பெயர் விஷயம் எல்லாவற்றிலும் பெரிது. உங்கள் குழுவுக்கு எண் கணித ஜோசியர் ஒருவர், பெயரில் இன்னொரு 'ஆ' சேர்த்தால் கூட்டு எண் 5 வரும், விருத்தியாகும் என்று சொல்லி 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டோம். பெயரைப் பதிவு செய்கிற அதிகாரி கூட்டு எண் பார்க்கமாட்டார். இதைப்போலவே இன்னொருவன் முன்னமே பதிந்திருக்கிறானா என்றுதான் பார்ப்பார். நமக்குச் சென்னை கிண்டியிலுள்ள வணிகச் சின்னப் பதிவகம்தான். சிறு தொழில் செய்கிறவர்கள் இணைய வழியாக மனுப்போட ஒரு வகைச் சரக்குக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு பத்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஜோசியருக்குக் கொடுத்த பணம் அதில் கிட்டத்தட்டப் பாதிக்கு ஆகியிருக்கும். ஏஜண்டு "பெயரை நாமே பதிந்து தருகிறோம்" என்று சொல்லியிருக்கிறான் என்றால் யார் பெயரில் பதிவான் என்று கேளுங்கள். அவன் பெயரில் பதிந்துகொண்டால், நீங்கள் வெயிலில் அலைந்து ஊர் ஊராகப் பிரபலப்படுத்தின பெயர் அவன் சொத்து. வடமங்கலத்துக் கூலியாளுக்காவது மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு.

நல்ல நாளைப்பற்றி ஒரு வார்த்தை. வளர்பிறை முடிவதற்குள் கையெழுத்தாக வேண்டும் என்று அவன் அவசரப்படுத்துவது சாஸ்திரத்துக்காகவா, நீங்கள் யோசிக்க நேரம் இருக்கக்கூடாது என்பதற்காகவா? களிம்பை 40 டிகிரிச் சூட்டில் மூன்று மாதம் வைத்துப் பார்த்து, நிறம், மணம், பதம் மாறாமல் இருக்கிறதா என்று கண்ட பிறகு ஆர்டர் கொடுப்பதே நல்ல நேரம். அந்த மூன்று மாதத்துக்குள் மாதிரிச் சரக்கை, லைசென்சு உள்ள இடத்தில் செய்து, நடவு நடும் பெண்கள் 30 பேருக்கு விலையில்லாமல் கொடுங்கள். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்து, அரிப்பு இல்லையென்றால் காலுக்குப் போடச் சொல்லுங்கள். எத்தனை பேர் தாங்களாக இரண்டாவது டப்பா கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் முதல் ஆர்டருக்கு ஜாதகம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாகூரில் மறுபடி கூடுவதாகத் தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஏஜண்டின் ஒப்பந்தத் தாளை யாராவது ஒருவர் நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். இங்கிலீஷில் இருக்கிறதாமே, பரவாயில்லை. கணக்குத் தெரிந்த தோழர் ஒருவரும் வக்கீல் தோழர் ஒருவரும் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வரி வரியாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்லுவோம். முடிந்தால் அந்த ஏஜண்டையும் வரச் சொல்லுங்கள். அவனுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைப்போம்.